'யூ' என்றால் நல்லது. சரி, யாருக்கு?

ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் படிக்கிற மாணவர் யாரையாவது பிடித்து, "யூ என்ற கிரேக்க முன்னொட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். "யூ என்றால் நல்ல, டிஸ் என்றால் கெட்ட." யூஃபனி என்றால் இனிய ஓசை, யூலஜி என்றால் புகழுரை, யூஃபோரியா என்றால் பெருமகிழ்ச்சி. சொற்பட்டியல் புத்தகத்தில் ஒரு கட்டம், அதற்குள் நாலு உதாரணம், மனப்பாடம் முடிந்தது, அடுத்த முன்னொட்டுக்குப் போயாச்சு.

அதே கட்டத்தின் கடைசியில் பெரும்பாலும் இன்னும் இரண்டு சொற்கள் உட்கார்ந்திருக்கும். ஒன்று யூஜெனிக்ஸ், இன்னொன்று யூதனேசியா. முதல் சொல் பரப்பிய கொள்கையின்படி ஜெர்மனியில் மட்டும் சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. இரண்டாவது சொல்லை முகமூடியாகப் போட்டுக்கொண்டு அதே ஆட்சி கொன்ற நோயாளிகள், ஊனமுற்றோரின் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் இரண்டு முதல் மூன்று லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். இனிய ஓசைக்கும் பெருமகிழ்ச்சிக்கும் பக்கத்திலேயே இத்தனை பிணங்கள் எப்படி வந்தன?

"யூ என்றால் நல்ல" என்பது பாதி பாடம்தான். நல்லது என்று சொல்வது யார், யாரைப் பற்றிச் சொல்கிறார், நல்லது யாருக்கு என்பது மீதிப் பாதி. அந்தப் பாதியைச் சொல்லித்தராத புத்தகம் மாணவருக்கு மதிப்பெண் வாங்கித் தரும். ஆனால் ஏமாறாமல் இருக்கக் கற்றுத்தராது.

முதலில் பிறப்புக் கதையைப் பார்த்துவிடலாம்.

கிரேக்கத்தில் எப்சிலான், உப்சிலான் என்ற இரண்டே எழுத்துகள். 'நன்றாக' என்று பொருள்படும் வினையடை அது. சமஸ்கிருதத்தின் 'சு'வும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். சுகந்தம் என்ற சொல்லில் இருக்கிறதே, அதே சு. கிரேக்கத்து 'எவாங்கெலியோன்' தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் 'சுவிசேஷம்' ஆனபோது அக்காள் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிற்று. கத்தோலிக்கர்களின் 'நற்செய்தி', 'நற்கருணை' இரண்டிலும் அதே முன்னொட்டுதான் தமிழில் 'நற்' என்று நிற்கிறது. நீலகிரியில் தைலம் காய்ச்சுகிற யூகலிப்டஸுக்குக்கூட 'நன்றாக மூடப்பட்டது' என்றுதான் பொருள். அதன் பூமொட்டுக்கு ஒரு மூடி உண்டு, அதனால் வந்த பெயர்.

இதுவரை எல்லாம் சுபம். சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், கிரேக்கர்கள் இந்த முன்னொட்டை நல்லவற்றுக்கு மட்டும் வைக்கவில்லை. பயந்தவற்றுக்கும் வைத்தார்கள்.

கருங்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். புயலும், கரையோரத்து மக்களைப் பற்றிய அச்சமும் சேர்ந்து, பழைய கிரேக்கர்களுக்கு அது 'அக்செய்னோஸ்', அதாவது அந்நியரை ஏற்காத கடல். பின்னால் பெயர் 'யூக்செய்னோஸ்' என்று மாறியது. விருந்தினரை நன்றாக வரவேற்கும் கடல்! கடல் மாறவில்லை, அலையும் குறையவில்லை. முன்னொட்டை மட்டும் மாற்றினார்கள்.

இரத்தப்பழி தீர்க்கிற பயங்கர தேவதைகள் எரினியர். அந்தப் பெயரை வாயால் சொல்லவே பயம். அதனால் 'யூமெனிடஸ்', நல்ல மனம் படைத்தவர்கள், என்றார்கள். சகுனத்தில் இடப்பக்கம் ஆகாது. அதனால் இடதுக்கு 'யூவோனுமோஸ்', நல்ல பெயருடையது, என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பழக்கத்துக்கே அவர்கள் மொழியிலிருந்து வந்த பெயர்தான் யூஃபெமிசம். நல்ல பேச்சு என்று பொருள். கிரேக்கச் சடங்குகளில் "நல்லதையே பேசுங்கள்" என்று கட்டளையிட்டால், நடைமுறையில் அதற்கு "வாயை மூடுங்கள்" என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கெல்லாம் 'மங்கல வழக்கு' தெரியும். சுடுகாட்டை 'நன்காடு' என்பது அதற்குப் பாடப்புத்தக உதாரணம். கடித்தால் ஆளை முடிக்கிற பாம்புக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர். ஆனால் நல்ல பாம்பு என்று பெயர் இருப்பதால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்பவர் யாரும் இல்லை. அங்கே 'நல்ல' என்பது எச்சரிக்கை என்று ஊருக்கே தெரியும். கிரேக்கச் சொல் என்றதும்தான் அந்த எச்சரிக்கை உணர்வு போய்விடுகிறது. அறிவியல் பெயர் ஆயிற்றே, பொய் சொல்லுமா என்ற மரியாதை வந்துவிடுகிறது.

அடுத்தது இன்னும் முக்கியம். ஏதென்ஸில் பழைய பிரபுக் குலத்தாருக்கு என்ன பெயர் தெரியுமா? 'யூபாட்ரிடை', நல்ல தகப்பன்மாருக்குப் பிறந்தவர்கள். பதவிகளெல்லாம் ஒருகாலத்தில் இவர்கள் கையில்தான். கி.மு. 594ஐ ஒட்டி சோலோன் கொண்டுவந்த சீர்திருத்தம்தான் பிறப்புக்குப் பதிலாகச் சொத்தை அளவுகோல் ஆக்கியது. 'யூகெனெஸ்' என்றால் நற்குலத்தில் பிறந்தவர். அந்த 'நல்ல' என்ற சான்றிதழைக் கொடுத்தது யார்? அவர்களேதான். அடுத்த வீட்டுக் குயவனைக் கேட்டுக் கொடுக்கவில்லை. மணமகள் தேவை விளம்பரத்தில் 'நல்ல குடும்பம்' என்று போடுகிறார்களே, அதில் 'நல்ல' என்பதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் அகராதி தேவைப்படுவதில்லை. அதே சங்கதிதான்.

இப்போது 1883. சார்லஸ் டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டன் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிடுகிறார். மனிதர்களில் 'சிறந்த' குருதிவழிகள் 'குறைந்த' வழிகளை முந்திப் பெருக வழிசெய்யும் அறிவியலுக்குப் பெயர் வேண்டும் என்று தேடி, அந்த யூகெனெஸ் என்ற சொல்லிலிருந்து 'யூஜெனிக்ஸ்' என்று செய்கிறார். அதற்கு முன்னால் 'விரிகல்ச்சர்' என்று லத்தீன் ஒட்டில் ஒரு பெயரை முயன்று பார்த்திருந்தார். புதிய பெயர் அதைவிடக் கச்சிதம் என்று அவரே எழுதினார். கச்சிதம்தான். பயிர் வளர்ப்பு மாதிரி மனிதர் வளர்ப்பு என்று லத்தீனில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 'நற்பிறப்பு' என்றால் யார் எதிர்ப்பார்கள்? நற்பிறப்பு வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்?

இங்கே ஒரு வழக்கமான சப்பைக்கட்டு வரும். "கால்டன் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், சொல்லும் நல்ல சொல்தான், நாஜிகள் வந்து கெடுத்துவிட்டார்கள்." இணையத்தில் இந்தத் தலைப்பில் எந்த விவாதத்தைத் திறந்தாலும் நாலாவது ஆள் இதைச் சொல்லிவிட்டுப் போவார்.

வரிசையைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. கருத்தடைச் சட்டத்தை முதலில் இயற்றியது ஹிட்லர் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், 1907ல். அப்போது ஹிட்லர் வியன்னா ஓவியப் பள்ளி நுழைவுத் தேர்வில் தோற்றுக்கொண்டிருந்த பையன். 1912ல் லண்டனில் முதல் சர்வதேச யூஜெனிக்ஸ் மாநாடு கூடியது. அதற்குத் தலைவர் டார்வினின் மகன் லியனார்ட் டார்வின், துணைத்தலைவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். எல்லாரும் படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள். நாஜிகள் கதைக்குள் வந்தபோது பாதை போட்டு முடிந்திருந்தது.

அந்தப் பாதையில் நசுங்கிய ஒருவரின் பெயர் கேரி பக். வர்ஜீனியா மாநிலத்துப் பெண். வளர்ப்புக் குடும்பம் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டது. அந்தக் குடும்பத்து உறவினன் ஒருவனால் வல்லுறவுக்கு ஆளாகி, கர்ப்பமானார். குடும்பம் என்ன செய்தது? 'மனவளர்ச்சி குன்றியவள், ஒழுக்கமில்லாதவள்' என்று முத்திரை குத்தி மாநிலக் காப்பகத்துக்கு அனுப்பியது. அவருடைய தாயும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். தாய், மகள், மகளுக்குப் பிறந்த கைக்குழந்தை என மூன்று தலைமுறையும் மூளைக்குறை உள்ளவர்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தையைப் பரிசோதித்தபோது அதற்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை!

1927 மே 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கருத்தடை செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், இன்றும் சட்டக் கல்லூரிகளில் மேதை என்று பாடம் நடத்தப்படுகிறவர். அதே ஆண்டு அக்டோபரில் கேரி பக்குக்கு அறுவை செய்யப்பட்டது. 'குறை' என்று முத்திரை குத்தப்பட்ட அந்தக் குழந்தை விவியன் பள்ளிக்குப் போனாள், நன்றாகப் படித்தவர்கள் பட்டியலில் பெயர் வாங்கினாள், எட்டு வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்தாள். கேரி பக்கை வயதான காலத்தில் சந்தித்தவர்கள், அவரிடம் மூளைக்குறை எதுவும் தெரியவில்லை என்றே பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000க்கும் மேல். ஸ்வீடனிலும் 1930களிலிருந்து 1970கள் வரை ஏறத்தாழ 63,000 பேருக்குக் கருத்தடை நடந்தது, அதில் ஒரு பகுதி கட்டாயத்தாலும் நெருக்குதலாலும். போருக்குப் பின் நியூரம்பெர்க்கில் நாஜி மருத்துவர்கள் கூண்டில் நின்றபோது, அவர்கள் தரப்பு இந்த அமெரிக்கத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டியது.

கேரி பக்கின் கதையில் 'யூ' எங்கே? எங்கும் இருக்கிறது. 'நற்பிறப்பு' என்று ஒன்று உண்டு என ஒப்புக்கொண்ட நொடியிலேயே 'நல்லதல்லாத பிறப்பு' ஒன்றும் உண்டாகிவிடுகிறது. அதை நேரடியாகச் சொல்லத் தேவையே இல்லை, முன்னொட்டு பார்த்துக்கொள்ளும். யாரையும் திட்டாமலே திட்டலாம். நாஜிகள் சொல்லைக் கெடுத்தார்கள் என்பது தப்பு. அந்தச் சொல்லுக்குள் இருந்த பாதி வாக்கியத்தை அவர்கள் சத்தம் போட்டுப் படித்தார்கள்.

அடுத்து யூதனேசியா. இதன் கதை இன்னும் தெளிவாகப் பாடம் சொல்லும்.

ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14ல் இறந்தார். யாராவது வேதனையில்லாமல் சட்டென்று இறந்தார்கள் என்று கேள்விப்பட்டால், தனக்கும் தன் வீட்டாருக்கும் அப்படி ஒரு 'யூதனேசியா' வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்வாராம். வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் சொல்வது. நல்ல சாவு, அவ்வளவுதான். யாரும் யாரையும் கொல்லவில்லை. கிராமத்தில் பாட்டிமார் "படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர வேண்டும்" என்பார்களே, அதே பிரார்த்தனை. 1605ல் ஃபிரான்சிஸ் பேகன் இதை மருத்துவரின் கடமையாக எழுதினார். அவர் சொன்னதும் சாகிறவரின் வலியைக் குறைப்பது பற்றித்தான். 1870ல் சாமுவேல் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர், தீராத வேதனையில் கிடப்பவர் விரும்பினால் குளோரோஃபார்ம் கொடுத்து முடித்துவிடலாம் என்று எழுதினார். இங்கேதான் இன்னொருவர் கை உள்ளே நுழைகிறது. ஆனால் கேட்பவர் இன்னும் நோயாளிதான்.

1939 அக்டோபரில் ஹிட்லர் ஒரு தாளில் கையெழுத்திட்டார். போர் தொடங்கிய செப்டம்பர் 1 என்று முன்தேதி போட்டுக்கொண்டார். குணப்படுத்த முடியாதவர்கள் என்று மருத்துவர் தீர்மானிப்பவர்களுக்குக் 'கருணைச் சாவு' வழங்கலாம் என்பது அதன் சாரம். பெர்லினில் டியர்கார்டன் தெரு, 4ஆம் எண் கட்டடத்திலிருந்து வேலை நடந்தது. மருத்துவர்கள் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் படிவத்தில் குறி போட்டார்கள். கிராஃபெனெக், ஹாடமார், ஹார்ட்ஹைம் என ஆறு இடங்களில் விஷவாயு அறைகள். 1941 ஆகஸ்ட் வரை அவர்களே எழுதி வைத்த கணக்கு 70,273 பேர். குடும்பங்களுக்குப் பொய்யான காரணம் எழுதிய இறப்புச் சான்றிதழ் போனது. 1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் ஆயர் கிளமென்ஸ் வான் காலன் பிரசங்க மேடையிலேயே இதைக் கொலை என்று சொன்னார். அந்த மாதமே வாயு அறைத் திட்டத்தை நிறுத்துவதாக உத்தரவு வந்தது. கொலை நிற்கவில்லை, பட்டினியாலும் ஊசியாலும் தொடர்ந்தது. திட்டத்தில் தேறிய ஆட்கள் பிறகு ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக் மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஆயர் செய்தது என்ன? பெயரை மாற்றினார். அவர்கள் நல்ல சாவு என்றதை அவர் கொலை என்றார். "நல்லதையே பேசுங்கள்" என்றால் "வாயை மூடுங்கள்" என்று அர்த்தம் என்று மேலே பார்த்தோமே, அந்த வாயை அவர் திறந்தார். பயங்கரம் என்னவென்றால், அந்த ஆட்சியின் கொடியில் இருந்த சின்னத்துக்கு உலகம் அழைக்கும் பெயர் ஸ்வஸ்திகா. சு, அஸ்தி. நன்றாக இருக்கட்டும் என்று பொருள். அதே அக்காள் தங்கை முன்னொட்டு.

அகஸ்டஸுக்கும் ஹிட்லருக்கும் நடுவில் முன்னொட்டின் அகராதிப் பொருள் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது சொல்கிற வாய்தான். அகஸ்டஸ் தன் சாவைப் பற்றிச் சொன்னார். ஹிட்லர் அடுத்தவர் சாவைப் பற்றிச் சொன்னார். 'நல்ல' என்பது தன்னைப் பற்றிச் சொல்லும்போது விருப்பம். அடுத்தவரைப் பற்றி, அவரைக் கேட்காமல் சொல்லும்போது தீர்ப்பு.

இதனால் இன்று தீராத நோயில் கிடக்கும் ஒருவர் தன் முடிவைத் தானே கேட்பது தவறு என்று ஆகாது. நெதர்லாந்து 2002 முதல் நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2011ல் அருணா ஷான்பாக் வழக்கில் கட்டுப்பாடுகளோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம் என்றது, 2018ல் ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிர் விருப்பப் பத்திரத்தையும் ஏற்றது. இந்த ஏற்பாடுகளைப் பற்றி இரண்டு பக்கமும் நேர்மையான வாதங்கள் உண்டு. ஆனால் அந்த வாதங்கள் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: நோயாளி தானே கேட்டாரா? முன்னொட்டு ஒளித்துவைத்த கேள்வியைச் சட்டம் வெளியே எடுத்து வைக்கிறது. அதுதான் அதன் மரியாதை.

இந்த விஷயத்தில் தமிழ்ச் சொல்லுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். யூதனேசியாவைத் தமிழில் 'கருணைக்கொலை' என்கிறோம். கருணையும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது. இரண்டில் எது பெரிது என்று படிப்பவர் யோசித்தே ஆக வேண்டும். கிரேக்கச் சொல்லில் கொல்பவர் என்று ஒருவர் இருப்பதற்கான தடயமே இல்லை.

உடனே தமிழர் யோக்கியர் என்று மார்தட்ட வேண்டாம். தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்று ஒன்று உண்டு. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்கு விடிகாலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பது. காய்ச்சல் வந்து சில நாளில் ஆள் போய்விடுவார். 2010ல் விருதுநகர்ப் பக்கம் இது நடப்பதாகச் செய்திகள் வந்தன. பின்னர் 'பாரம்' என்ற தமிழ்ப் படமும் இதைப் பேசியது. பெயரைப் பாருங்கள். தலைக்கு ஊற்றுவதாம்! தீபாவளிக்குச் செய்கிற அதே எண்ணெய்க் குளியல். குற்றத்துக்குப் பேர் வைப்பதில் ஏதென்ஸும் விருதுநகரும் ஒன்றுதான்.

கடைசியாக ஓர் ஆட்சேபம். "வெறும் முன்னொட்டுக்கு இவ்வளவு கூச்சலா? சொல் என்ன செய்யும், மனிதர்கள்தானே செய்தார்கள்?" உண்மைதான், சொல் கத்தி எடுக்காது. ஆனால் சொல்லுக்குப் பலம் இல்லை என்றால் ஏன் எல்லாரும் அதை மாற்ற ஓடினார்கள்? 'யூஜெனிக்ஸ் ஆண்டுமலர்' என்ற ஆய்விதழ் 1954ல் 'மனித மரபியல் ஆண்டுமலர்' ஆயிற்று. பிரிட்டனின் யூஜெனிக்ஸ் சங்கம் 1989ல் 'கால்டன் நிறுவனம்' ஆகி, கால்டன் பெயரும் நாறியதும் 2021ல் 'அடெல்ஃபி மரபியல் மன்றம்' ஆயிற்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2020ல் தன் விரிவுரை அரங்கிலிருந்து கால்டன் பெயரை எடுத்தது. பெயர் வைத்தபோது சொல்லின் பலத்தை நம்பினார்கள், அதைத் தூக்கிப் போட்டபோதும் அதே பலத்துக்குத்தான் பயந்தார்கள். நடுவில் வந்து "வெறும் சொல்" என்பது செல்லாது.

ஆகவே சொற்பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். "யூ என்றால் நல்ல" என்ற அந்தக் கட்டத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கும். "யார் சொன்னது என்று கேட்கவும்" என்று சேர்த்து அச்சடியுங்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் நாளை வேறொரு கோட்டுப் போட்ட ஆள் பளபளப்பான புதுப் பெயரோடு வந்து, நல்ல ஜீன், நல்ல கரு, நல்ல குழந்தை என்று விற்கும்போது, வகுப்பில் ஒருவராவது கையைத் தூக்கி "யாருக்கு சார் நல்லது?" என்று கேட்பார். கேரி பக்குக்காக நீதிமன்றத்தில் வாதாட நின்ற வக்கீல்கூட அதை உருப்படியாகக் கேட்கவில்லை.